மிஸ்ராஜி கொடுத்த பிரசாதம்

விசாலத்தின் கிரைண்டர் ஓடாத நாள்தான் எனக்கு நல்ல நாள். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்து பார்த்தால் தெரியும் அந்த அவஸ்தை. விடிவதற்குள் கடகடவென்று ஆரம்பிக்கும். என் கட்டில் நடுங்கும், ஜன்னல் கம்பி நடுங்கும், டம்ளரில் வைத்த தண்ணீர் தானாக வட்டம் போடும். ஏதாவது சொல்லலாம் என்று படியிறங்கிப் போனால், சுடச்சுட இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டிவிடுவாள். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்?

புனேயில், வானவடியில் மிலிட்டரி காம்பவுண்டுச் சுவரை ஒட்டின சந்து எங்களுடையது. மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் எழும்பிய பிறகு, மெட்ராசிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வந்து இறங்கிய அத்தனை பேருக்கும் இட்லி மாவு இந்தச் சந்திலிருந்துதான் போயிற்று. டிசம்பர் குளிரில் மாவு பொங்காது. அப்போது புருஷனுடைய பழைய பட்டாளத்துக் கம்பளியை மாவுக் குண்டானுக்குச் சுற்றிவிட்டு, தான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் விசாலம். மார்ச் பிறந்துவிட்டால் நேர்மாறு. கொஞ்சம் அசந்தால் புளித்து வழிந்து வாசல்வரை வந்துவிடும்.

புருஷன் கலியன் குடியாத்தம் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிடையராகி, மகர்பட்டாவில் ஒரு அடுக்குமாடியின் கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். கேன்டீன் ரம் கோட்டாவை ஒரு நாளும் தொடாதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ட்யூட்டிக்கு வரும் காவலாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் மூக்கை நீட்டி, "ஊது" என்பார். பீகார்க்காரனுக்கும் நேபாளத்துக்காரனுக்கும்கூட அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரியும். "முந்தாநாள் குட்ச்சிருந்தாலும் கண்டுபுடிச்சுடுவன் சார். என் மூக்கு பட்டாளத்து மூக்கு" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே பெண், ப்ரீதி. பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்த மறுநாள் ரங்கபஞ்சமி, ஹோலிக்கு ஐந்தாம் நாள் கலர் பூசி விளையாடும் பண்டிகை. காலையில் கலியன் நைட் ட்யூட்டி முடிந்து சைக்கிளில் வந்தபோது, ஹேண்டில்பாரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில் தொங்கியது. உள்ளே வெளிர்ப் பச்சையாய்ப் பால்.

"இன்னா கலியன், பச்சையா இருக்கு?" என்றேன் மாடியிலிருந்து.

"பாதாம், பிஸ்தா, சோம்பு, ரோஜாப்பூ எல்லாம் போட்டு அரச்சது சார். நம்ம கேட்ல மிஸ்ராஜி கீறாரே, அவுரு சிவன் படத்துக்கு முன்னால வெச்சிப் படச்சிட்டுக் குட்த்தாரு. போலேநாத் பிரசாதம்னாரு. பிரசாதம்னா வேணாங்கலாமா? தோ, ஒரு டம்ளர் ஊத்தட்டா?"

எனக்குச் சர்க்கரை வியாதி. வேண்டாம் என்றேன். கலியனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. விசாலம் மோந்து பார்த்துவிட்டு, "மொளகு வாசன அடிக்குது, எனக்கு வாணாம்" என்றாள். அப்பா ஆசையாக அத்தனையையும் மகளிடம் தூக்கிக் கொடுத்தார்.

"பரிட்ச முட்ச்சிட்ட இல்ல? உன் பிரெண்ட்ஸ்ங்களுக்கும் குடு பாப்பா."

"பிரசாதம்டி. கீழ ஊத்தாம, மிச்சம் வெக்காம குடிக்கணும்" என்றாள் விசாலம் பக்தியோடு.

ப்ரீதி மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். "டீக் ஹை டாடி" என்று பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். நான் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை எனக்கு.

அன்றைக்கு மாவு ஆர்டர் கிடையாது. ஊரே கலர் பூசிக்கொண்டு திரிந்தது. சந்து நாய்கூட ரோஸ் நிறத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருந்தது. கிரைண்டர் சத்தமில்லாத சுகத்தில், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். கீழேயிருந்து விசாலத்தின் குரல் எழுப்பியது.

"அண்ணே! செத்த எறங்கி வாயேன். பாப்பா ஒரு மாதிரியா கீறா."

போய்ப் பார்த்தால், தலை முதல் கால் வரை ஊதாவும் பச்சையுமாக, ப்ரீதி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் காலிக் கிண்ணங்கள்.

"வந்தா. பசி, பசின்னா. பரிட்ச முட்ஞ்சதுக்கு சேமியாப் பாயசம் வெச்சிருந்தன். மூணு கிண்ணம் குட்ச்சா. அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தா. அப்பறம் புட்ச்சிகிச்சு இந்தச் சிரிப்பு. வெயிலா அண்ணே? வெயில் மண்டைக்கு ஏறிக்கிச்சா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. ப்ரீதி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "மம்மி, அது ஏன் நிக்கிது? எப்பலேந்து நிக்கிது? நான் இங்கயே தானே இருந்தேன்? நான் சின்ன வயசுலேந்து இங்கயே உக்காந்துட்டே இருக்கேன், இல்ல?" கேட்டுக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கலியனை எழுப்பினோம். நைட் ட்யூட்டித் தூக்கம். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், மகளைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. முட்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஊது."

ப்ரீதி ஹா என்று ஊதிவிட்டு மறுபடியும் சிரித்தாள். கலியன் கண்ணை மூடி, மூக்கை விரித்து, கேட்டில் செய்வதுபோல் கவனமாக முகர்ந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"ஒண்ணியும் இல்ல சார். சுத்தமா கீது. பாயசம் வாசனதான். எம் பொண்ணு தொட்டுக்கூட பாக்கல. வெயில்தான். ஏமே, தலைக்குத் தண்ணி ஊத்து."

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது. பாமா. மகர்பட்டாவில் கலியன் வேலை பார்க்கும் அதே கட்டடத்தில் ஏழாவது மாடி. புருஷன் சேஷு கம்பெனி வேலையாக அமெரிக்காவில். ஒரே பையன் ஷ்ரேயஸ். ப்ரீதியும் அவனும் ஒரே ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாம் வகுப்பு. வாரா வாரம் மாவு கொண்டுபோகிற பழக்கத்தில் சிநேகிதம். பாமா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"விசாலம், ஷ்ரேயஸ் இங்க வந்தானா? கார்த்தாலே போனவன். ப்ரீதிகூடத்தான் இருக்கேன்னு மெசேஜ் குடுத்தான். இப்ப போன் ஸ்விட்ச் ஆஃப்."

விசாலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெண்ணைப் பெற்றவள் பார்வை அது. "இல்ல மேடம், எம் பொண்ணு அவன்கூட எல்லாம் போவல. பொம்பளப் பசங்ககூடத்தான் போனா."

"போனேன்" என்றாள் ப்ரீதி தரையிலிருந்து.

பாமா அவளைக் குனிந்து பார்த்தாள். "என்னடி இது கோலம்? கண்ணெல்லாம் ஏன் இப்படிச் செவந்திருக்கு? ஷ்ரேயஸ் எங்கடா கண்ணா?"

"தூங்கறான்."

"எங்க தூங்கறான்?"

"தண்ணில."

பாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி இல்ல ஆன்ட்டி. இன்னும் வரல. அப்புறம் வரும்." ப்ரீதி உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. எழுப்பினேன், எழுப்பினேன், எழுந்துக்கவே இல்ல. எனக்குப் பயம் வந்துச்சு. பசியும் வந்துச்சு. வந்துட்டேன்."

"எந்தத் தண்ணிடி? டேமா? ஆறா? எங்கேடி விட்டுட்டு வந்தே எம்புள்ளையை? சொல்லேன்! சொல்லித் தொலையேன்!" பாமா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்க உலுக்க இவள் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

கலியனுக்கு அவமானமும் பயமும் சேர்ந்து கோபமாக வந்துவிட்டது. "மேடம், உங்க பையன்தான் எத்தயோ குட்த்திருக்கான் எம் பொண்ணுக்கு. பணக்கார ஊட்டுப் பசங்க மாத்திர கீத்திர வெச்சிருப்பானுங்க. எல்லாம் கேட்ல பாக்கறன் நான்."

"என்ன பேசறேள் கலியன்? ஜுரத்துக்கு மாத்திரை குடுத்தாலே துப்பற பிள்ளை அவன்!"

"அப்ப யாருதான் குட்த்தது? சொல்லு பாப்பா!" கலியன் கையை ஓங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து மகளை அடித்தறியாத கை, ஓங்கின பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. "யாரு குட்த்தா?"

ப்ரீதி அவரை அண்ணாந்து பார்த்தாள். "நீங்கதான் டாடி."

"பாருங்க சார், எப்டி ஒளர்றான்னு."

"நீங்கதான். காலைல. பச்சப் பால்."

கலியனின் கை மெல்ல இறங்கியது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சோம்பு, மிளகு, ரோஜாப்பூ. வடக்கத்திக்காரர்கள் ஹோலிச் சமயத்தில் பாங் என்ற கஞ்சா இலையை அரைத்துப் போட்டு, சிவனுக்குப் படைத்துவிட்டுக் குடிக்கும் பால். புனேயில் கால் நூற்றாண்டு பேங்க்கில் குப்பை கொட்டியவன் நான். எத்தனை ஹோலி பார்த்தாயிற்று. இத்தனை நேரம் எனக்கு உறைக்கவில்லை.

என் போனை வாங்கி மிஸ்ராஜிக்குப் பேசினார் கலியன். எதிர்முனையில் முதலில் சிரிப்புதான் கேட்டது. பிறகு பதற்றம். "பச்சோங்கோ? பசங்களுக்கா குடுத்தீங்க? அரே ராம்! சாப், அது உங்களுக்குக் குடுத்தது! பாங் இல்லாம போலேநாத் பிரசாதம் உண்டா? உங்களுக்குத் தெரியாதா?" என்று இந்தியில் கத்தினது எனக்கே கேட்டது. கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார். புளிப்பாக ஏதாவது கொடுங்கள், இனிப்பை மட்டும் கண்ணிலேயே காட்டாதீர்கள், இனிப்பு ஏற்றிவிடும் என்று.

விசாலம் பாயசக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நானே ஊட்டி ஊட்டி உட்டனே!"

ரசத்துக்கு ஊறவைத்திருந்த புளியைக் கரைத்து மகள் வாயில் ஊற்றினாள். அது வைத்தியமா, வயிற்றைப் பிரட்டியதா, தெரியாது. ப்ரீதி அத்தனையையும் வாந்தி எடுத்தாள். சேமியா சேமியாவாக வந்தது. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, "கலர் கழுவப் போனோம். கெனால். பாலத்துக்குக் கீழ" என்றாள்.

சந்துப் பெண்கள் கம்பளி துவைக்கப் போகிற கால்வாய் அது. காலையில் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். தண்ணீர் திறந்துவிட்டால் கரை தொட்டு ஓடும். எப்போது திறப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதன்மேல் பாலங்களும் ஏழெட்டு இருந்தன.

பாமாவின் காரில் ஏறினோம். பாமாவுக்கு அன்று கியரே விழவில்லை. இரண்டு தடவை வண்டி நின்றுவிட்டது. கலியன் முன்சீட்டில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ப்ரீதி விசாலத்தின் மடியில் தலை வைத்துக்கொண்டு, "லெஃப்ட்" என்றாள். போனோம், ஒரு மாம்பழ வண்டிதான் நின்றது. "இல்ல, ரைட்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வழியெல்லாம் கலர் பூசின பையன்கள் ஒரு பைக்குக்கு மூன்று பேராகக் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஊதா முகத்தையும் பாமா தன் பிள்ளையா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா ஓட்டுங்க மேடம்" என்றார் கலியன்.

"எப்படி மெதுவா ஓட்டறது? எப்படிங்கறேன்!" என்று கத்தினாள்.

மூன்றாவது தடவை கால்வாய்ப் பாலம் வந்தது. கார் நிற்பதற்குள் கலியன் இறங்கிவிட்டார். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் விட்டிருந்தார்கள். கலங்கின செம்மண் தண்ணீர், வைக்கோலையும் பிளாஸ்டிக்கையும் தள்ளிக்கொண்டு வந்தது. பாலத்தின் நிழலில், கல் பாவின சரிவில், பச்சை முகத்தோடு ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். இடுப்பு வரை தண்ணீர் தொட்டுவிட்டது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

கலியன் சரிவில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே இறங்கினார். மூக்கருகில் காதை வைத்தார். "கீறான்! உசுரோட கீறான் மேடம்!" என்று கீழேயிருந்து கத்தினார். பாமா பாலத்துக் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன? கலியன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலால் கல்லைப் பற்றிப் பற்றி ஏறி வந்தார். மற்ற பையன்கள் எப்போதோ ஓடிவிட்டிருந்தார்கள். நாலைந்து பீர் பாட்டில்களும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலும் சரிவில் கிடந்தன. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

நர்ஸிங் ஹோமில் டாக்டர் ஒரு மராத்திக்காரர். கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே, என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். பாமா முந்திக்கொண்டாள். "பீர்தான் டாக்டர். பாட்டில் பார்த்தேன். கெட்ட சகவாசம்."

பாமாவுக்குப் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை போல. பச்சைப் பால், போன் எல்லாம் அவள் காது பக்கத்தில்தான் நடந்தது. ஆனாலும் அவள் பீர் என்றுதான் சொன்னாள். விசாலம் கலியனின் கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இரு என்று அர்த்தம். வேலை போய்விடும், மாவு வியாபாரம் போய்விடும், ஊர் சிரிக்கும். அவள் பக்கம் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியாது.

கலியன் கையை விடுவித்துக்கொண்டு, பட்டாளத்து இந்தியில் சொன்னார். "பாங்கும் குடிச்சிருக்கான் சாப். நான்தான் குடுத்தேன். பிரசாதம்னு நினைச்சேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் ஏதோ சொல்லி டிரிப்பை மாற்றினார். புளி கொடுத்தோம், பாயசம் கொடுத்துவிட்டோம் என்று விசாலம் புலம்பியதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லை, நேரம்தான் இறக்கும் என்றார். அவள் அதை இன்றுவரை நம்பவில்லை.

பாமா கலியனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீங்கதான் குடுத்தேள், நீங்கதான் தூக்கிண்டும் வந்தேள். நான் உங்களை என்ன பண்றது கலியன் சார்? எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள். சார் என்று அவள் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஷ்ரேயஸ் கண் விழித்துவிட்டான் என்று செய்தி வந்தது. கலியன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போகிற வேலையா, போய்விட்ட வேலையா என்று அவருக்கே தெரியாது. பாலிஷ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ப்ரீதி வந்து பக்கத்தில் நின்றாள். காதோரத்தில் ஊதா நிறம் இன்னும் போகவில்லை.

"டாடி, நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நடந்தத்தான சொன்னன்."

"எனக்குத் தெரியும் டாடி."

"இன்னா தெரியும்?"

"மூடி தொறந்த உடனே தெரிஞ்சிச்சு. போன ஹோலில பிரெண்டு வீட்ல குடிச்சிருக்கேன். உங்ககிட்ட சொன்னா கீழ கொட்டிடுவீங்க. பிரெண்ட்ஸ்கிட்ட சொல்லித்தான் குடுத்தேன். எல்லாருக்கும் தெரியும். ஷ்ரேயஸுக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

பிரஷ் நின்றுவிட்டது. மேலே நின்றிருந்த எனக்கு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

"சாமி பேரச் சொல்லிக் குட்த்தன் பாப்பா" என்றார் கடைசியில். "ஒன்னாண்ட குட்த்தன்."

அவள் நின்றபடியே அழுதாள். இவர் மறுபடி பாலிஷ் போட ஆரம்பித்தார். விசாலம் உள்ளேயிருந்து, "போய் அந்த மேடங்கிட்ட சொல்லுங்க. பசங்களுக்கே தெரிஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்று அடித்துக்கொண்டாள். அவர் போகவில்லை. ஷ்ரேயஸ் தன் அம்மாவிடம் சொன்னானா, அதுவும் தெரியாது. வேலை போகவில்லை. வேறு கட்டடத்தின் கேட்டுக்கு மாற்றினார்கள். பாமா ஒரு மாதம் மாவு வாங்கவில்லை. பிறகு வாங்கினாள். ஏன் நிறுத்தினாள், ஏன் ஆரம்பித்தாள் என்று விசாலம் கேட்கவில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. ப்ரீதி பாஸ். நல்ல மழை அன்றைக்கு. சிநேகிதிகளோடு காம்ப் கடைத்தெரு வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். கலியன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போனாள். அவர் ட்யூட்டிக்கு லீவு போட்டுவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு, சாரல் அடிக்க அடிக்க உட்கார்ந்திருந்தார். நான் ஒரு குடையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டாள். நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு, படியேறாமல், நேராக அவர் முன்னால் வந்து குனிந்தாள். அவர் கேட்கவில்லை. அவளாகவே வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக ஹா என்று ஊதினாள். ஊதிவிட்டு அப்படியே நின்றாள்.

கலியன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மூக்கை நீட்டவும் இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் மோந்து பாத்தனே பாப்பா" என்றார். "இந்த மூக்குக்கு இன்னா தெரியுது? போ. போயி தலையத் தொவட்டு."

அவள் உள்ளே போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. விசாலம் நாளைக்கு வேண்டிய மாவுக்குக் கிரைண்டரைப் போட்டாள்.

"சார்" என்றார் அந்தச் சத்தத்துக்கு மேல். "நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. உங்களுக்கு எதனா வாசன வந்துச்சா?"

மழை வாசனைதான் அடித்தது. அதைத்தான் சொன்னேன்.

"நெசமா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்?